டீசல் டிரம்மில் சுட்ட பீட்சா

என் மனைவி லோயிஸ் லிபியாவிலிருந்து ஒரேயடியாகத் திரும்பி வந்தது எழுபத்தொன்பதில். மீனம்பாக்கத்துக்குப் போய் நான்தான் அழைத்து வந்தேன். அப்போது எனக்குச் சித்தூர் பஸ் டிப்போவில் மெக்கானிக் வேலை. மெட்ராஸ் வண்டி ஓட்டும் டிரைவர் பழனி என் சிநேகிதன். அவன் வண்டியிலேயே ஊருக்கு வந்தோம். வாலாஜா வரைக்கும் அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். அதற்கப்புறம் தூங்கிவிட்டாள். நான்கு வருஷத்தில் நடுவே ஒரே ஒரு முறை லீவில் வந்து போனவள். தூங்குகிற முகத்தைப் பார்த்துக்கொண்டே வந்தேன். கன்னம் சற்று ஒடுங்கியிருந்தது. கைக்கடிகாரம் புதுசு.

கல்யாணத்தின்போது அவள் மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ். எங்களுக்குக் குழந்தை இல்லை. மெட்ராஸில் ஒரு ஏஜென்ட் லிபியாவுக்கு நர்சுகளை எடுக்கிறான் என்று அவள் வார்டிலிருந்து இரண்டு பேர் கிளம்பினார்கள். நானும் போகட்டுமா என்று கேட்டாள். போய்வா என்றேன். கிரீம்ஸ்பேட்டையில் எங்கள் வீட்டில் நான் தனியாகச் சமைத்துத் தின்று, வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தேன். நாள் ஓடிவிட்டது.

திரும்பி வந்தவள் நன்றாகத்தான் இருந்தாள். காலையில் எழுந்து வாசல் தெளித்தாள், சமைத்தாள், ஞாயிற்றுக்கிழமை என்னோடு மிஷன் கோயிலுக்கு வந்தாள். கோயிலில் பெண்கள் எல்லோரும் சுற்றி நின்று, இனிமேல் இங்கேதானே என்று கேட்டார்கள். ஆமாம் என்று சிரித்தாள். வீட்டுக்கு வந்தால் அந்தச் சிரிப்பு இருக்காது. கோபமும் இருக்காது. தட்டில் போட்டதைப் பாதி தின்றுவிட்டு எழுந்துவிடுவாள். நான் கேட்டதற்குப் பதில் சொல்வாள். தானாக ஒன்றும் சொல்லமாட்டாள். ரயில்வே ஸ்டேஷனில் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறவரிடம் பேசுகிற மாதிரி இருவரும் பேசிக்கொண்டோம்.

ஒரு நாள் சாயங்காலம் டூட்டி முடிந்து வந்து, உனக்கு என்ன துன்ன ஆசையா இருக்குது, சொல்லு, வாங்கியாறேன் என்றேன். காராமணி வடை என்றோ, காட்பாடி பக்கத்து மீன் என்றோ சொல்வாள் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, பீட்சா என்றாள்.

எனக்கு அந்த வார்த்தையே புதுசு. என்ன அது என்று கேட்டேன். அவள் சொல்ல ஆரம்பித்தாள். வந்த நாளிலிருந்து அவள் அவ்வளவு நேரம் சேர்ந்தாற்போல் பேசியது அன்றுதான். திரிபோலியில் கடலோரம் ஒரு சின்னக் கடையாம். முன்னே இத்தாலிக்காரனுடைய கடை. இத்தாலிக்காரர்களெல்லாம் ஊரைவிட்டுப் போனபிறகு அங்கே வேலை பார்த்த யூசுப் என்கிற லிபியாக்காரரே நடத்திக்கொண்டிருந்தார். மாவை வட்டமாக இழுத்து, மேலே தக்காளி, சீஸ், ஏதோ ஒரு இலை எல்லாம் போட்டு, விறகு அடுப்புக்குள் தள்ளிவிடுவார். ஓரமெல்லாம் உப்பிக்கொண்டு, அங்கங்கே கருகி வரும்.

"அடை மாதிரியா?" என்று கேட்டேன்.

"அடை இல்லைங்க" என்றவள் சிரித்துவிட்டாள். "அடைன்னு சொன்னா யூசுப் அழுதுடுவாரு."

அந்தச் சிரிப்புக்காகத்தான் நான் அந்த வேலையில் இறங்கினேன். வேறு காரணம் ஒன்றும் இல்லை.

சந்தைப்பேட்டைப் பக்கம் கன்னையா என்பவர் பேக்கரி வைத்திருந்தார். பன், ரொட்டி, வர்க்கி எல்லாம் அவரிடம்தான் வாங்குவோம். வீட்டில் தெலுங்கு, கடையில் தமிழ் என்று இரண்டையும் கலந்து பேசுவார். மறுநாள் அவரிடம் போய், பீட்சா செய்யத் தெரியுமா என்று கேட்டேன். அவர் காதில் அது பிச்சி என்று விழுந்துவிட்டது. தெலுங்கில் பிச்சி என்றால் பைத்தியம். யாருக்கு என்று கவலையாகக் கேட்டார். விஷயத்தை விளக்கினேன். அது ரொட்டி வகைதான் சார், பன் மாவையே தட்டிக்கோங்க என்று சொல்லி ஒரு உருண்டை மாவை வாழையிலையில் வைத்துக் கொடுத்தார்.

லோயிஸ் மணியம்மாவின் வீட்டுக்குப் போயிருந்த நேரத்தில் அதைத் தோசைக்கல்லில் போட்டேன். மணியம்மா எங்கள் பக்கத்து வீடு. சீஸுக்கு எங்கே போவது? வெண்ணெயைத் தடவினேன். தக்காளியை வட்டமாக நறுக்கி அடுக்கினேன். அடியில் கருகிவிட்டது, மேலே மாவு பச்சையாகவே இருந்தது. தக்காளித் தண்ணீர் வெண்ணெயோடு சேர்ந்து குளம் கட்டி நின்றது. அவள் வந்து பார்த்தாள். ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டு நிதானமாக மென்று, நல்லா இருக்குதுங்க என்றாள். வார்டில் நோயாளிகளிடம் அவள் பேசும் குரல் எனக்குத் தெரியும். அது அந்தக் குரல். இரண்டாவது துண்டையும் அப்படியே தின்றாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

ஆனால் மறுநாள் டூட்டியிலிருந்து வந்தபோது அவளே மைதாவை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பன் மாவில் சர்க்கரை இருக்குது, அதனாலதான் சீக்கிரம் கருகுது, நாமளே பிசையணும் என்றாள். யூசுப் பிசைந்து நான் பார்த்ததில்லை, இழுக்கிறதைத்தான் பார்த்திருக்கிறேன் என்றும் சொன்னாள். அதாவது எங்கள் இரண்டு பேருக்குமே ஒன்றும் தெரியாது. அது எனக்குத் தைரியமாக இருந்தது.

ஈஸ்ட் கன்னையா கொடுத்தார். சீஸ் பழனி பொறுப்பு. மெட்ராஸில் மவுண்ட் ரோடு பக்கம் ஒரு கடையில் டின்னில் கிடைக்கும் என்று லோயிஸ் சொல்லி அனுப்பினாள். முதல் தடவை அவன் கொண்டு வந்தது டின் பால். கடைக்காரன் இதுதான் என்று சொன்னானாம். அந்தப் பாலில் ஒரு வாரம் காப்பி குடித்தோம். அடுத்த தடவை சரியான டின் வந்தது.

அது சித்திரை மாசம். சித்தூர் வெயிலைப் பற்றித் தெரிந்தவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. காலையில் மாவைப் பிசைந்து குண்டானில் மூடி வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போனோம். ஆராதனை முடிந்து வந்து பார்த்தால், மாவு மூடியைத் தூக்கித் தள்ளிவிட்டு, மேடை மேல் வழிந்து, தரைக்கு இறங்கிக்கொண்டிருந்தது. வீடெல்லாம் கள்ளுக்கடை வாசனை. வழிந்த மாவை இருவரும் கையால் அள்ளினோம். விரலிலிருந்து விடவே இல்லை. நல்ல புடவையில் மாவு அப்பிக்கொண்டு அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். நானும் உட்கார்ந்தேன். இதெல்லாம் யூசுப்பிடம் கேட்டுக்கொண்டு வந்திருக்கலாமே என்றேன். எனக்கு அரபியில் வலிக்குதா, தூங்குங்க, இந்த ரெண்டும்தான் வரும் என்றாள்.

அப்புறம் பானைத் தண்ணீரில் பிசைந்தோம். குண்டானை ஈரத்துணி சுற்றிக் குளியலறையில் வைத்தோம். மாவு ஒழுங்காக நடந்துகொண்டது. சுடுவதற்குக் கன்னையா தன் அடுப்பைக் கொடுத்தார். மத்தியானம் பன் எல்லாம் எடுத்தபிறகு சூடு மிச்சம் இருக்கும், கொண்டுவாங்க என்றார். தட்டை ஏந்திக்கொண்டு இருவரும் வெயிலில் நடந்து போவோம். வழியில் பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்பார்கள். எத்தனை பேருக்கு என்னவென்று சொல்வது? சில பேரிடம் கேக் என்றோம். சில பேரிடம் மருந்து என்றோம்.

கன்னையாவின் அடுப்பில் அது முதன்முறையாக ஒரு உருவத்துக்கு வந்தது. ஓரம் உப்பியது. சீஸ் உருகியது. ஆனால் நாங்கள் போட்ட பூண்டு வாசனை அடுப்புக்குள் தங்கி, சாயங்காலப் பன்களில் ஏறிவிட்டது. கலெக்டர் ஆபீசிலிருந்து தினம் பன் வாங்குகிற ஒருவர் திருப்பிக் கொண்டு வந்து கொடுத்தாராம். கன்னையா எங்களிடம் முகம் கோணவில்லை. நர்சம்மா, உங்களுக்குன்னு ஒரு சின்ன அடுப்பு கட்டிக்கிட்டா நல்லா இருக்கும் என்று மட்டும் சொன்னார்.

டிப்போவில் ஒரு பழைய டீசல் டிரம் ஓரமாகக் கிடந்தது. ஆபீசில் சொல்லிவிட்டு எடுத்துக்கொண்டேன். வெல்டிங், கட்டிங் எல்லாம் என் தொழில்தான். சலவைச் சோடா போட்டுப் பலமுறை கழுவி, ஒரு பக்கம் வாய் வெட்டி, கதவுக்குக் கீல் வைத்தேன். பின்வாசலில் செங்கல் அடுக்கி அதன்மேல் படுக்கப்போட்டு, வெளியே களிமண் பூசினோம். மண் குழைத்தது லோயிஸ்தான். உள்ளே கடப்பாக்கல் ஒன்றை வைத்தேன். முதல் நாள் சவுக்குக் கட்டை போட்டு எரித்தபோது அந்தக் கல் வேட்டு வெடித்த மாதிரி இரண்டாகப் பிளந்தது. மணியம்மா ஓடி வந்து சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். கல்லை எடுத்துவிட்டு உள்ளேயும் செங்கல்லே பரப்பினேன். அப்புறம் சுட்ட பீட்சாவைத் தின்றபோது, இஞ்சின் சர்வீஸ் செய்கிற நாளில் என் சட்டையிலிருந்து வருகிற அதே வாசனை. லோயிஸ் மென்றுகொண்டே என்னைப் பார்த்தாள். இதுல இன்னும் டீசல் இருக்குதுங்க, இதைத் துன்னா நான் திருப்பதி வரைக்கும் ஓடுவேன் என்றாள். இருவரும் துப்பிவிட்டுச் சிரித்தோம். ஒரு வாரம் வேப்பங்கட்டையாகப் போட்டு வெறும் அடுப்பை எரித்து எரித்து அந்த வாசனையை விரட்டினோம்.

இப்போது அந்த வீடு இல்லை. அந்த இடத்தில் மூன்று மாடி கட்டிவிட்டார்கள். ஆனால் அந்த வாரத்துச் சாயங்காலங்கள் எனக்கு அப்படியே இருக்கின்றன. அடுப்பு சும்மா எரிந்துகொண்டிருக்கும். சுடுவதற்கு ஒன்றும் இருக்காது. புகைக்கு எதிர்ப்பக்கமாக இரண்டு முக்காலி போட்டு உட்கார்ந்திருப்போம். அவள் திரிபோலியைப் பற்றிச் சொல்வாள். மணல் காற்று அடிக்கும்போது ஜன்னலுக்கு ஈரத்துணி அடைப்பது, பிரசவ வார்டில் ஒரு கிழவி தன் வளையலைக் கழற்றி இவள் கையில் போட்டுவிட்டது, இவள் அதைத் திருப்பிக் கொடுக்கப்போக அவள் கோபித்துக்கொண்டது. நான் டிப்போ கதைகளைச் சொல்வேன். கல்யாணம் ஆன புதிதில்கூட நாங்கள் அப்படிப் பேசியதில்லை.

எல்லாம் சரியாக வந்தபிறகும், ஒன்று குறைந்துகொண்டே இருந்தது. அந்த இலை. யூசுப் கடையில் காய்ந்த இலையை விரலால் நொறுக்கித் தூவுவாராம். பேர் தெரியாது. வாசனை மட்டும் ஞாபகம் இருக்கிறது. துளசி போட்டுப் பார்த்தோம். பஜனைக் கோயில் தீர்த்தம் மாதிரி இருந்தது. ஓமம் போட்டோம். பக்கத்தில் வந்தது, ஆனால் அது இல்லை என்றாள். கொத்தமல்லி, புதினா எல்லாம் போட்டுப் பார்த்துவிட்டு, போகட்டும், இலை இல்லாமலே துன்னலாம் என்று விட்டுவிட்டோம்.

ஒரு நாள் மணியம்மாவின் சின்னப் பெண்ணுக்கு இருமல். நர்சம்மா வந்து பாருங்க என்று கூப்பிட்டாள். லோயிஸ் போனாள். நான் அன்று வீட்டில் இருந்தேன். போன கொஞ்ச நேரத்தில் வேகமாக நடந்து திரும்பி வந்தாள். கையில் ஒரு கொத்துக் கற்பூரவல்லி. இருமலுக்குச் சாறு பிழிய மணியம்மா தட்டிக்கொண்டிருந்தாளாம். இவள் குழந்தையின் நெஞ்சில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவள், அப்படியே நின்றுவிட்டாளாம். என் மூக்கருகே கசக்கிக் காட்டினாள். எனக்கு அது சளி பிடித்த நாட்களின் வாசனை. அவளுக்கு வேறு ஒரு ஊர்.

இலையைத் தட்டில் பரப்பி வெயிலில் காயவைத்தோம். மதனப்பள்ளித் தக்காளியைப் பூண்டு போட்டுச் சுண்டக் காய்ச்சினோம். அன்று மாவு அவள் கையில் கிழியாமல் வந்தது. அடுப்புக்குள் தள்ளிக் கதவைச் சாத்தி, சற்று நேரத்தில் எடுத்தேன். ஓரம் உப்பி, அங்கங்கே கருத்து, நடுவில் சீஸ் கொதித்துக்கொண்டிருந்தது. அதன்மேல் இலையை நொறுக்கிப் போட்டாள்.

ஒரு துண்டை எடுத்து முழுக்கத் தின்றாள். நான் கேட்கவில்லை. பார்த்துக்கொண்டிருந்தேன். கண் கலங்கியிருந்தது. புகை என்று சொல்லமுடியாது, காற்று அந்தப் பக்கம் அடித்துக்கொண்டிருந்தது.

"வந்துடுச்சா?" என்றேன்.

"வந்துடுச்சு. இதேதான்." கையைத் துடைத்துக்கொண்டாள். "ஒண்ணு சொன்னா தப்பா நினைக்கமாட்டீங்களே?"

சொல்லு என்றேன்.

"அங்க லீவு நாள்ல நான் மட்டும் தனியா போவேன். ரூம்ல இருக்கிறவங்க கூப்பிட்டாகூட போவமாட்டேன். கடலைப் பார்த்துக்கினு உக்காந்து துன்னுவேன். வாரம் பூரா ஓடிக்கினே இருந்து, அன்னிக்கு ஒரு வேளை. நான் சம்பாதிச்சேன், நான் துன்றேன். அது எனக்கு ரொம்ப நல்லா இருந்துச்சுங்க. இங்க வந்ததுல இருந்து எனக்குப் பசிக்கவே இல்ல."

நான் இல்லாத இடத்தில் அவள் நன்றாக இருந்தாள் என்பது ஒரு பக்கம் குத்தியது. ஆனால் அதை என்னிடம் சொல்கிறாளே என்பது வேறு ஒரு பக்கம். இடுக்கியால் நெருப்பைக் கிளறிக்கொண்டிருந்தேன். கடைசியில், திரும்பப் போகணுமா என்று கேட்டேன்.

"லிபியாவுக்கு வேணாம். அது போதும். ஆனா நான் சும்மா இருக்கக் கூடாது. வேலை செஞ்ச கை இது. திருப்பதியில ஒரு ஆஸ்பத்திரியில இடம் இருக்குதுன்னு கூடப் படிச்ச எலிசபெத் சொன்னா. குவார்ட்டர்ஸ்ல தங்கணும். உங்களை மறுபடியும் தனியா விட்டுட்டுப் போறதான்னு தோணுச்சு. அதான் சொல்லல."

கோயிலில் பெண்கள் கேட்டபோதெல்லாம் அவள் சிரித்துக்கொண்டு நின்றது எனக்கு ஞாபகம் வந்தது. நான் இன்னொரு உருண்டை மாவை எடுத்துத் தட்ட ஆரம்பித்தேன். எனக்கு அவள் மாதிரி வட்டமாக வராது. கோணல் மாணலாகத்தான் வரும்.

"திருப்பதிக்கு நம்ம டிப்போல இருந்து வண்டி போய்க்கினே இருக்குது" என்றேன். "சனிக்கிழமை டூட்டி முடிஞ்சா ராத்திரிச் சோத்துக்கு அங்க இருப்பேன்."

அவள் என் கையிலிருந்த மாவை வாங்கி வட்டமாக்கிக் கொடுத்தாள். அன்று அவள் எவ்வளவு தின்றாள் என்று சொன்னால் கோபித்துக்கொள்வாள். நான் அடுப்பு முன்னாலிருந்து எழுந்திருக்கவே இல்லை என்று மட்டும் சொல்கிறேன்.

மழைக்காலம் முடிவதற்குள் அவளுக்கு வேலை கிடைத்துவிட்டது. என் அக்கா புத்தூரிலிருந்து வந்து, வெளிநாட்டிலிருந்து வந்தவளை மறுபடியும் ஊர்விட்டு ஊர் அனுப்புகிறாயே என்று சத்தம் போட்டாள். கோயிலிலும் ஒன்றிரண்டு பேர் கேட்டார்கள். அவளுக்கு வேலை பிடிச்சிருக்குது, போறா என்றேன்.

சனிக்கிழமை சாயங்கால வண்டியில் ஏறினால் பூதலப்பட்டு தாண்டும்போது இருட்டிவிடும். சந்திரகிரி வந்ததும் கோட்டை ஒரு கரிய நிழலாகத் தெரியும். அப்புறம் தூரத்தில் மலைமேல் விளக்குகள். பஸ்ஸில் பாதிப் பேர் அதைப் பார்த்துக் கோவிந்தா போடுவார்கள். நான் சாமி கும்பிடுகிறது வேறு இடமாக இருந்தாலும், அந்தச் சத்தம் கேட்டதும் எனக்கும் மனசு துள்ளும். இன்னும் கொஞ்ச நேரத்தில் லோயிஸைப் பார்க்கலாம். கையில் எப்போதும் ஒரு பை இருக்கும். கன்னையா கொடுத்த ஈஸ்ட், பழனி வாங்கிவந்த டின், பின்வாசலில் நாங்கள் நட்டு வைத்த கற்பூரவல்லி.

குவார்ட்டர்ஸில் ஒரே ஒரு அறையும் சமையல் மூலையும்தான். அங்கே அடுப்பு கட்ட இடமில்லை. மண்ணெண்ணெய் ஸ்டவ் மேல் மணல் பரப்பிய அலுமினியக் குண்டானை வைத்து, அதற்குள் தட்டு வைத்து மூடி, மூடி மேல் தணல் போட்டு ஒரு மாதிரி செய்யக் கற்றுக்கொண்டாள். டிரம் அடுப்பின் ருசி அதில் வராது. ஆனால் அவள் முகத்தில் சதை பிடித்திருந்தது. வாரத்தில் நடந்ததையெல்லாம் நான் செருப்பைக் கழற்றுவதற்குள் சொல்ல ஆரம்பித்துவிடுவாள்.

எண்பத்துமூன்றில் எனக்குத் திருப்பதி டிப்போவுக்கு மாற்றல் கிடைத்தது. சித்தூர் வீட்டை விற்றுவிட்டு கொர்லகுண்டாப் பக்கம் ஒரு வீடு பிடித்தோம். சாமான் ஏற்றிக்கொண்டு வந்த பிறகு முதல் ஞாயிற்றுக்கிழமை, ஆஸ்பத்திரியிலிருந்து எலிசபெத்தும் இன்னும் இரண்டு நர்சுகளும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அதில் தாட்சாயணி என்ற பெண் நகரிக்காரி, வெங்காயம்கூட யோசித்துத்தான் தின்பாள். அவளும் சரி, பீட்சா செய்து பார்க்கிறேன் என்று முந்தானையைச் செருகிக்கொண்டாள். தக்காளி போதவில்லை என்று லோயிஸ் என்னைக் கடைக்கு அனுப்பினாள்.

நான் தக்காளியோடு திரும்பி வந்தபோது ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே நாலு பேரும் மேசையைச் சுற்றி நின்றிருந்தார்கள். தாட்சாயணியின் மாவு நடுவில் கிழிந்து தொங்கியது. லோயிஸ் அவள் கையை ஒதுக்கிவிட்டு, நடுவுல இழுக்காதே, ஓரத்தைப் பிடி, மாவு தானே இறங்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். எலிசபெத் ஏதோ கேலி சொன்னாள். எல்லோரும் ஒரேயடியாகச் சிரித்தார்கள். லோயிஸ் மாவுக் கையோடு நெற்றியைத் துடைத்துக்கொண்டு, மூச்சு வாங்கச் சிரித்தாள்.

நான் பையோடு வெளியிலேயே கொஞ்ச நேரம் நின்றேன். தெருவில் யாரோ, புது வீடா சார் என்று தெலுங்கில் கேட்டார்கள். ஆமாம் என்றேன். அதற்குள், இன்னும் தக்காளி வரலையா என்று உள்ளேயிருந்து லோயிஸின் குரல் கேட்டது. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.